ரஸ்டிக் வெஸ்டர்ன் பாணியில் வீடு: நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சான் அந்தோனியோவுக்கு வடக்கே, குன்றுகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக டெக்சஸ் ராஞ்ச் (மாட்டுப் பண்ணை) வீட்டின் சாயலுக்கு அதை மாற்றிக்கொண்டு வருகிறோம். பொங்கலுக்கும் கொலுவுக்கும் வருகிற நண்பர்களுக்கு இது பிடித்துப்போய், தங்கள் வீட்டிலும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எல்லாவற்றையும் தொகுத்துவிட்டேன்.

ரஸ்டிக் வெஸ்டர்ன்னா என்ன? சுவத்துல கௌபாய் தொப்பி மாட்டுறதுதானே?

தொப்பி மாட்டலாம், தப்பில்லை. ஆனால் இந்தப் பாணி அங்கே தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறியவர்களுக்குப் பக்கத்தில் கடைகண்ணி கிடையாது. கைக்கு எட்டிய மரம், கல், மண், தோல், கம்பளி, இரும்பு, இவற்றை வைத்தே வீடு கட்டினார்கள், சாமான் செய்துகொண்டார்கள். அதனால்தான் இழைப்புளி படாத உத்திரமும், சுத்தியல் தடம் தெரிகிற கீலும், சாயம் ஏற்றாத கம்பளியும் இந்தப் பாணியின் அடையாளமாகிவிட்டன.

அந்த வீடுகளில் அலங்காரத்துக்கென்று செய்த பொருள் மிகக் குறைவு. எல்லாம் ஏதோ ஒரு வேலைக்காகச் செய்தவை. நான் எதை வாங்கப் போனாலும் மனதில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது முன்பு என்ன வேலை செய்தது, என் வீட்டில் இனி என்ன வேலை செய்யப்போகிறது? இரண்டில் ஒன்றுக்காவது பதில் இருந்தால் வாங்குவேன்.

ஒரு படத்துல மண் வீடு, இன்னொண்ணுல மரக்கட்டை வீடு. ரெண்டையும் வெஸ்டர்ன்னுதான் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. மேற்கு என்பது ஒரே நிலம் இல்லை. நியூ மெக்சிகோவில் மரம் குறைவு, மண்ணும் வெயிலும் தாராளம். அங்கே அடோபி என்கிற, வெயிலில் காய வைத்த செங்கல் வீடுகள். டாவோஸ் பியூப்லோவில் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக அப்படிப்பட்ட வீடுகளில்தான் வாழ்கிறார்கள். கூரையைத் தாங்கும் உருண்டை உத்திரத்துக்கு வீகா என்று பெயர், மேலே நெருக்கமாகப் பரப்பும் சிறு கழிகளுக்கு லத்தீயா. சுவர் முனைகள் எல்லாம் கையால் வழித்தது போல மழுங்கியிருக்கும்.

வயோமிங், மொன்டானா பக்கம் போனால் பைன் காடு. அங்கே முழு மரக்கட்டை வீடுகள். யெல்லோஸ்டோனில் 1904இல் திறந்த ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் விடுதிதான் அதற்குப் பெரிய உதாரணம். கோடி என்ற ஊரில் தாமஸ் மோல்ஸ்வர்த் என்பவர் 1931இல் மரச்சாமான் கம்பெனி தொடங்கி, முண்டும் முடிச்சுமான பைன் கட்டைகளில் நாற்காலி செய்து, தோல் போர்த்தி, பித்தளை ஆணி வரிசையாக அடித்தார். இன்றைக்குக் கடைகளில் பார்க்கிற பாதி வெஸ்டர்ன் நாற்காலிகள் அவர் கைவேலையைப் பார்த்துச் செய்தவை. எங்கள் டெக்சஸ் குன்றுப் பகுதி மூன்றாவது வகை. 1846இல் பிரெடரிக்ஸ்பர்க் ஊரை அமைத்த ஜெர்மானியர்கள் கட்டியதைப் போன்ற சுண்ணாம்புக்கல் சுவர், தகரக் கூரை, அகலமான தாழ்வாரம்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மண் வீட்டு மழுங்கல் சுவருக்குக் கீழே மலைக்காட்டு மரக்கட்டைக் கட்டில் போட்டால் இரண்டுமே எடுபடாது.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு பெரிய பொருளிலிருந்து. அநேகமாக அது சாப்பாட்டு மேசையாக இருப்பது நல்லது, ஏனென்றால் தினமும் அதில் கை படும். நல்ல கனமான மரத்தில் ஒரு மேசை வந்துவிட்டால், மற்றதை அது தீர்மானிக்கும். பக்கத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடையில் செட்டாக விற்கிற ஏழு சாமான்களை ஒரே நாளில் வாங்காதீர்கள். இந்த வீடுகள் சேர்ந்து சேர்ந்து வளர்ந்தவை, ஒரே நாளில் வந்து இறங்கியது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நாங்க வாடகை அபார்ட்மெண்ட்ல இருக்கோம். ஆணியே அடிக்கக் கூடாது. எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. மேசை, கம்பளம், விளக்கு, போர்வை, இந்த நான்கு போதும். சுவரை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், பழைய ராஞ்ச் வீடுகளிலும் சுண்ணாம்புச் சுவர்தான். பழைய மர ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து அதில் போர்வைகளைத் தொங்கவிட்டால் ஆணியே தேவைப்படாது.

எந்த மரம் வாங்கணும்? பைன் போதுமா?

போதும். பைன் மலிவு, தட்டினால் பள்ளம் விழும், விழுந்த பள்ளமும் இந்தப் பாணிக்குப் பொருந்தும். ஆனால் டெக்சஸில் இருந்துகொண்டு மெஸ்கீட் மரத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். நம்மூரில் கண்மாயையும் தரிசையும் ஆக்கிரமித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் உடன்பிறப்பு இது, இரண்டும் ஒரே பேரினம். ராமநாதபுரத்துக்காரரான என் மாமனார் முதல்முறை எங்கள் மேசையைத் தடவிப் பார்த்தபோது, 'இது நம்ம கரிமூட்டம் போடுற மரமாச்சே' என்றார். அதே முள், அதே கோணல்.

இங்கே அதை விறகாக எரிப்பதும் உண்டு, சாமான் செய்வதும் உண்டு. கடினமான மரம், ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் மிகக் குறைவாகத்தான் சுருங்கும், விரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் அந்தோனியோவின் அலமோ சதுக்கத்தில் மெஸ்கீட் கட்டைகளைத் தளமாகவே பாவியிருக்கிறார்கள். நேராக வளராததால் நீளப் பலகை கிடைப்பது அரிது, சிறு பலகைகளை ஒட்டித்தான் மேசை செய்ய வேண்டும். வெடிப்பும் இருக்கும். எங்கள் மேசையின் நடுவே ஓடுகிற வெடிப்பில் பச்சைநீல டர்க்காய்ஸ் கல்லைப் பொடித்து, பிசினில் குழைத்து நிரப்பி, மட்டமாகத் தேய்த்திருக்கிறார் தச்சர். சிவந்த பழுப்பு மரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுவது போல இருக்கும். இந்தப் பகுதித் தச்சர்கள் பலர் செய்கிற வேலைதான், ஆனாலும் எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்த இடம் அந்த முக்கால் அங்குல அகலம்.

பழைய கொட்டகைப் பலகை வாங்கிச் சுவத்துல அடிக்கலாம்னு இருக்கேன். பூச்சி வருமா?

வரலாம். பலகையில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை மட்டும் இருந்தால் அது பழைய கதையாக இருக்கலாம். தட்டும்போது முகப்பவுடர் போல மெல்லிய தூள் உதிர்ந்தால் உள்ளே புழு இன்னும் உளுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், அந்தப் பலகை வேண்டாம். சூளையில் சூடேற்றிய பலகையா என்று விற்பவரைக் கேளுங்கள், அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெறுமனே வெயிலில் காய்ந்த பலகைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பூச்சியைவிட நான் பயப்படுவது பெயிண்டுக்கு. அமெரிக்காவில் வீட்டு பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான். அதற்கு முந்தைய கொட்டகையின் சிவப்பு பெயிண்ட் உரிந்து நிற்பது பார்க்க அழகு, ஆனால் அந்தச் செதிலும் தூளும் குழந்தை வாயில் போகக் கூடாது. சோதனைக் கிட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஈயம் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், பெயிண்ட் படாத சாம்பல் நிறப் பலகையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

சரக்குப் பலகை, ரயில் தண்டவாளக் கட்டை இதெல்லாம் சும்மாவே கிடைக்குதே, அதை வெச்சுப் பண்ணலாமா?

சரக்கு பேலட்டில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். தண்டவாளக் கட்டை வீட்டுக்குள் வரவே கூடாது. அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் நச்சு, வெயில் ஏறினால் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

நம்ம சமையலுக்கு இந்த மாதிரி கிச்சன் தாங்குமா? தாளிச்சா எண்ணெய் எல்லாம் மரத்துல ஏறுமே?

ஏறும். சொரசொரப்பான மரம் எண்ணெய்ப் புகையையும் தூசியையும் பிடித்துக்கொண்டு விடாது. அடுப்புக்குப் பின்னால் மரம் அடிக்க வேண்டாம். அங்கே மெக்சிகோவின் புவெப்லா நகரத்துத் தலவேரா ஓடுகள் ஒட்டுங்கள். மேலே பளபளப்புப் பூச்சு உள்ளதால் துடைத்தால் போய்விடும், நீலமும் மஞ்சளும் கண்ணுக்கும் நன்றாக இருக்கும். திறந்த அலமாரியை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். வார்ப்பிரும்புச் சட்டிகளைத் தாராளமாகத் தொங்கவிடலாம், தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்தவருக்கு அவற்றைப் பராமரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தரைக்குப் பலரும் கேட்பது சால்டிலோ ஓடு. மெக்சிகோவின் சால்டிலோ நகரத்துக் களிமண்ணில் கையால் செய்து, திறந்தவெளியில் காய வைத்துச் சுடுவது. காயும்போது நாயோ கோழியோ நடந்துபோனால் தடம் அப்படியே பதிந்துவிடும், அந்த ஓட்டை ராசி என்று எடுத்து வைப்பார்கள். எங்கள் சமையலறை வாசலில் அப்படி ஒன்று இருக்கிறது. நான்கு விரல் தடம், பின்கால் கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல் போல இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆத்தங்குடி சிமெண்டில் வார்த்தது, இது சுட்ட மண், அதைவிட அதிகம் உறிஞ்சும். சீலர், அதாவது கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு, பூசாமல் விட்டால் மஞ்சள் தூள் விழுந்த இடம் மஞ்சளாகவே நிற்கும். தேய்மானத்தைப் பார்த்து மறுபடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாட்டுத் தோலைத் தரையில விரிக்கிறாங்களே. எங்க வீட்ல அதெல்லாம் ஆகாது. அது இல்லாம வெஸ்டர்ன் வருமா?

வரும். 1860களின் கடைசியிலிருந்து டெக்சஸ் மாடுகளை சிஸம் தடம் வழியாகக் கான்சஸுக்கு ஓட்டிப்போன வரலாறு இந்த மண்ணுக்கு உண்டு, அதனால் தோல் இங்கே இயல்பாக வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள். எங்கள் அம்மா வந்து தங்குகிற வீடு என்பதால் நாங்களும் தரையில் தோல் போடவில்லை. அந்த இடத்தைக் கம்பளி விரிப்பு நன்றாகவே நிரப்புகிறது. தோல் அச்சிட்ட பாலியஸ்டர் விரிப்பு மட்டும் வேண்டாம், அது முதல் கேள்வியில் சொன்ன இரண்டு சோதனையிலும் தேறாது.

சோபாவுக்குத் தோல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'பாண்டட் லெதர்' என்றால் தோல் துகளை ஒட்டி மேலே பிளாஸ்டிக் பூசியது. ஒரு கடையில் நம்பி வாங்கிய சோபா மூன்றாம் வருடமே வெயிலில் வெந்த தோல் போல உரிந்தது. 'டாப் கிரெய்ன்' அல்லது 'ஃபுல் கிரெய்ன்' என்று எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

மான் கொம்பு மாட்டலாமா? பாவம் இல்லையா? சட்டம் என்ன சொல்லுது?

எல்க் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைத்துக்கொள்ளும். வயோமிங்கில் ஜாக்சன் ஊர்ச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் இருக்கிற வளைவுகள் அப்படி உதிர்ந்த கொம்புகளால் ஆனவை. பக்கத்திலிருக்கும் எல்க் சரணாலயத்தில் சாரணச் சிறுவர்கள் பொறுக்கி வந்து, மே மாதம் ஏலம் விடுகிறார்கள். ஒரு மானும் சாகாத கொம்பு அது. அடிப்பகுதி உருண்டையாக, பொரிப்பொரியாக இருந்தால் உதிர்ந்தது. மண்டை எலும்போடு இருந்தால் உதிர்ந்ததல்ல.

நீங்களாகப் பொறுக்குவதென்றால் கவனம். தேசியப் பூங்காக்களில் கொம்பை எடுப்பது குற்றம். இறகு விஷயம் இன்னும் கடுமை. கீழே கிடந்த பருந்து இறகைக்கூட வீட்டில் வைக்க முடியாது, 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அநேகக் காட்டுப் பறவைகளைக் காக்கிறது. கழுகுக்கு 1940இல் தனிச் சட்டமே உண்டு. குடுவையில் வைக்க வான்கோழி இறகு போதும், அதற்குத் தடையில்லை.

நவஹோ கம்பளம் ஆயிரக்கணக்கில விலை சொல்றாங்க. அதே டிசைன் ஆன்லைன்ல எண்பது டாலர். ஏன் அதிகம் கொடுக்கணும்?

டிசைன் ஒன்றாக இருக்கலாம், பொருள் வேறு. தினே மக்கள், அதாவது நவஹோ மக்கள், செங்குத்தாக நிறுத்திய தறியில் கம்பளி நூலை ஊடை ஊடையாக அடித்து நெய்கிறார்கள். ஒரு விரிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும். அரிசோனாவின் கனாடோவில் ஹப்பெல் வணிக நிலையம் இருக்கிறது. நெசவாளர்கள் கம்பளம் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பழைய கடை இன்று தேசிய வரலாற்றுத் தலம். அங்கே ஒரு முறை அசல் விரிப்பைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும். அவர்கள் தறியில் பாவு நூல் மடங்கித் திரும்புவதால் பெரும்பாலும் ஓரத்தில் குஞ்சம் இருக்காது. வெட்டி முடிச்சுப் போட்ட குஞ்சம் இருந்தால் நன்றாக விசாரியுங்கள்.

பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் கடைக்காரர்கள் 'நவஹோ ஸ்டைல்' என்று நைசாகப் போடுவார்கள். காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லி விசைத்தறிச் சேலை விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? பணம் இல்லையென்றால் நகலுக்குப் போகாமல் கோடு போட்ட சாதாரணக் கம்பளி விரிப்பு வாங்குங்கள், அதில் யாருடைய உழைப்பும் திருடப்படவில்லை. கனவுபிடிப்பான் வளையத்தை வெஸ்டர்ன் என்று மாட்டுகிறார்கள், அது பெரிய ஏரிகள் பக்கத்து ஓஜிப்வே மக்களுடையது. பழங்குடியினரின் இறகுக் கிரீடம் மரியாதைக்குரிய சடங்குப் பொருள், சுவருக்கு வேண்டாம்.

வண்டிச் சக்கர விளக்கு வாங்கியாச்சு. அப்படியே மாட்டிடலாமா?

முதலில் எடை போடுங்கள். கூரையில் விளக்கு மாட்டுகிற சாதாரண மின்பெட்டி தாங்குவது 50 பவுண்டுதான். நிஜச் சக்கரம் அதைச் சுலபமாகத் தாண்டும், அப்போது கூரைச் சட்டத்திலிருந்து தனியாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். மேசைக்கு மேலே 30 முதல் 36 அங்குலம் விட்டுத் தொங்கவிடுங்கள். பல்பு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்.இ.டி. போடுங்கள், வெள்ளை வெளிச்சத்தில் மரம் செத்துப்போய்த் தெரியும்.

சாமி அறை இதுல எப்படி ஒட்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அடோபி வீட்டுச் சுவரில் நிச்சோ என்று ஒரு குழிவு வைப்பார்கள், அதில் புனிதர் சிலையும் மெழுகுவர்த்தியும் இருக்கும். நம் வீட்டு மாடக்குழியேதான். நாங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒன்று குடைந்து, உள்ளே வெறும் சுண்ணாம்பு பூசி, பாட்டியின் காமாட்சி விளக்கை வைத்திருக்கிறோம். விளக்குக்கு மேலே ஒரு சாண் உயரம் காலியாக விடுங்கள், கரி ஏறும். மரச்சட்டம் வைக்காதீர்கள்.

வாசலில் குதிரை லாடம் அடிப்பது நம்மூரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இங்கே பெரும்பாலும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி அடிப்பார்கள், அதிர்ஷ்டம் கொட்டிவிடாமல் இருக்க.

எவ்வளவு போட்டா அதிகம்? எங்க வீடு உணவகம் மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். ஓர் அறையில் கொம்பு, சக்கரம், சேணம், துப்பாக்கிப் படம், கள்ளிச்செடி எல்லாம் இருந்தால் அது உணவகம்தான். அறைக்கு ஒரு பெரிய பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை அதற்குத் துணை. 'ஹவ்டி' என்று கௌபாய் வணக்கம் எழுதிய பலகைகளைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும், எழுத்து தேவைப்படாத பொருள்தான் நல்ல பொருள்.

சின்னப் பொருளுக்கும் கதை இருக்கலாம். முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை வாங்கினார், திறந்த மேய்ச்சல் நிலம் முடிவுக்கு வரக் காரணமான பொருள்களில் அது ஒன்று. சேகரிப்பவர்கள் 18 அங்குலத் துண்டாக வைத்திருப்பார்கள், டெக்சஸ் மெக்லீனில் அதற்கென்றே அருங்காட்சியகம் உண்டு. என்னிடம் இரண்டு துண்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் சட்டமில்லாமல் வைக்காதீர்கள்.

இதெல்லாம் எங்க வாங்குறது?

டாலஸுக்குக் கிழக்கே கேன்டன் ஊரில் மாதந்தோறும் முதல் திங்களுக்கு முந்தைய வியாழன் முதல் ஞாயிறு வரை பெரிய சந்தை. ஹூஸ்டனுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே ரவுண்ட் டாப்பில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பழம்பொருள் சந்தை. ஞாயிறு மதியம் போனால் பேரம் படியும், திருப்பி ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. மாட்டுத் தீவனக் கடையையும் மறக்காதீர்கள், கால்நடைக்குத் தண்ணீர் வைக்கிற தகரத் தொட்டியை அங்கேதான் வாங்கி, அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலை வைத்திருக்கிறோம்.

ரெண்டு வருஷத்துல ஊருக்கே திரும்புறோம். எதைக் கொண்டு போறது, எதை விடுறது?

சென்னை ஈரக்காற்றில் தோலில் மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை பூக்கும், கம்பளியைப் பூச்சி அரிக்கும். தோல் சோபாவை இங்கேயே விற்றுவிடுங்கள். விரிப்பைக் கொண்டு போனால் அடிக்கடி வெயில் காட்டி உதறி வையுங்கள். வார்ப்பிரும்பு, தலவேரா ஓடு, பித்தளை ஆணி நாற்காலி போகலாம். மேசைக்குக் கப்பல் செலவு கட்டுப்படியாகாவிட்டால், ஐந்தாவது கேள்வியில் சொன்ன சீமைக் கருவேலம் அங்கே மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து, பொறுமையான தச்சரிடம் கொடுங்கள், கோணலை வெட்டி எறியாமல் அப்படியே விடச் சொல்லுங்கள்.

கொம்பை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இது வேறு நாட்டு மான், தானாக உதிர்ந்தது என்று சுங்கத்தில் நின்று விளக்க வேண்டிவரும். இங்கேயே ஒரு நண்பர் வீட்டில் மாட்டிவிட்டுப் போங்கள்.